திருநெல்வேலியில் ஐந்து நாள் (அல்வா ஊர் இல்லை)

10 ஒக்டோபர் 2025, வெள்ளி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது தாமிரபரணிக் கரைத் திருநெல்வேலி இல்லை. யாழ்ப்பாண நகரத்திலிருந்து பலாலி வீதியில் கொஞ்ச தூரம் போனால் வருகிற திருநெல்வேலி. இங்குள்ளவர்கள் வாயில் அது 'தின்னவேலி'. ஐந்து நாளும் தின்று திரிந்தவனுக்குப் பொருத்தமான பெயர்தான்.

அக்கா மகனுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். முதல் வருடம் விடுதி கிடைத்தது, இனி வெளியே அறை பார்த்துக்கொள்ள வேண்டும். அக்கா ஹட்டனுக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் இல்லை. "நீ படிச்ச ஊருதானேடா, போய்ப் பார்த்துக் குடுத்துட்டு வா" என்று என்னை அனுப்பிவிட்டாள். நான் இங்கே படித்தது 2002 முதல் 2006 வரை. பத்தொன்பது வருடமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வெள்ளவத்தையில் ஏறிய இரவு பஸ் செம்மணி வளைவைத் தாண்டும்போது முழிப்பு வந்தது. இன்னும் சரியாக விடியவில்லை. பக்கத்து இருக்கைப் பெரியவர் ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டினார். "உங்காலதான் தம்பி." அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கே சித்துப்பாத்தி மயானத்தில் இந்த வருடம் தோண்டத் தோண்ட 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. ஒரு பிள்ளையின் நீலநிறப் புத்தகப் பையும் வந்தது. காணாமல்போனவர்களைச் செம்மணியில் புதைத்தோம் என்று ஒரு இராணுவச் சிப்பாய் நீதிமன்றத்தில் சொன்னது 1998இல். அடுத்த வருடம் 15 எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். பிறகு அரசாங்கங்கள் மாறிக்கொண்டே இருந்தன.

பரமேஸ்வராச் சந்தியில் இறங்கியதும் பசித்தது. பசிக்கவில்லை என்று எழுதினால் பொய். மருமகன் கடன் வாங்கிய சைக்கிளோடு நின்றான். முதல் கண்ணில் பட்ட கடைக்குள் நுழைந்தோம். பத்து இடியப்பம், சொதி, சம்பல், 200 ரூபாய். பிளேன்ரீ 50. சம்பல் சிவப்பாக இருக்கும் என்று நினைத்துக் கையை வைத்தால் வெங்காயத்துக்குள் தேங்காய்ப்பூவைத் தேட வேண்டியிருந்தது. முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் தானாகவே சொன்னார்: "தேங்காய் நூற்றியெண்பது தம்பி. சொதியை வேணுமெண்ட அளவு விடுங்கோ, சம்பல் கேக்காதேங்கோ."

சொதியை அவர் சொன்னபடியே விட்டுக்கொண்டோம். இங்கே சொதிக்குக் கணக்கில்லை, அது மட்டும் மாறவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு கடைப் பையன் வருகிறான், வேண்டாம் என்று கையால் மறைத்தாலும் விரலுக்கு மேலால் ஊற்றிவிட்டுப் போகிறான்.

பகலில் ஊரைச் சுற்றினோம். என் காலத்தில் கம்பஸைச் சுற்றிச் சாப்பாட்டுக் கடை என்று சொல்ல ஐந்தாறு இருந்திருக்கும். மற்றதெல்லாம் மதில், மதிலுக்குள் மாமரம். இப்போது கலட்டிச் சந்தியிலிருந்து எண்ணத் தொடங்கி முப்பத்தொன்றில் விட்டுவிட்டேன். நாசிகொரெங், ஷவர்மா, கண்ணாடிக் குவளையில் ஜவ்வரிசி மிதக்கிற தேநீர். பழைய கல்வீடுகளின் முன்விறாந்தையை இடித்துக் கவுண்டர் போட்டிருக்கிறார்கள். உள்ளே பார்த்தால் சுவரில் தாத்தா படம் மாலையோடு அப்படியே தொங்குகிறது, அதற்குக் கீழே பர்கர் விலைப்பட்டியல்.

இரவு கொத்து ரொட்டி சாப்பிடுவதென்று பையன் மத்தியானமே முடிவு செய்திருந்தான். தகடு அடிக்கிற சத்தம் கேட்டுப் போனால், "இண்டைக்கு வெள்ளி, மச்சம் இல்லை" என்றார்கள். மச்சம் என்றால் இங்கே மீன், இறைச்சி, முட்டை எல்லாம் சேர்த்து. மரக்கறிக் கொத்து இருந்தது. "மரக்கறிக் கொத்து கொத்தே இல்லை மாமா" என்றான். தோசையோடு படுத்தோம்.

11 ஒக்டோபர், சனி

நேற்று வெள்ளி. இன்று புரட்டாதிக் கடைசிச் சனி. சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கிற நாள், பாதி ஊர் திரும்பவும் மரக்கறி. பையன் வானத்தைப் பார்த்தான்.

காலையில் நான்கு வீடு ஏறி இறங்கினோம். முதல் வீட்டில் அறை போய்விட்டது. இரண்டாவது வீட்டில் ஊரைக் கேட்டார்கள், ஹட்டன் என்றோம், "பேந்து சொல்லுறம்" என்றார்கள். என் காலத்திலும் மலையகம் என்றால் இதே 'பேந்து'தான், அதாவது 'பிறகு'. இதைப் பெரிதாக எழுதப்போவதில்லை, ஆனால் எழுதாமல் விட்டால் அக்கா கோபப்படுவாள். மூன்றாவது, அறை இல்லை, கோழிக்கூடு.

நான்காவது வீட்டு அம்மா கதவைத் திறந்ததும் "வெயிலுக்கை நிக்காமல் உள்ளுக்கு வாங்கோ பிள்ளையள்" என்றார். அறையைக் காட்ட முதல் பிளேன்ரீ வந்தது. சீனி போடாத கடுஞ்சாயம், பக்கத்தில் சின்னத் தட்டில் பனங்கட்டித் துண்டு. கட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு மிடறு குடிக்க வேண்டும். கொழுந்து பறிக்கிற குடும்பத்தில் பிறந்த எனக்கு, தேநீரை இப்படித்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லித்தந்தது யாழ்ப்பாணம். எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசைவீட்டில், கிடைத்தது டஸ்ட் தூள், அதுவும் அளந்து.

வாடகை 14,000, இரண்டு பேர் பகிரலாம். நிபந்தனைகள்: ஒன்பது மணிக்கு கேற் பூட்டு, உள்ளே மச்சம் இல்லை, சமைக்கவே கூடாது. கடைசி நிபந்தனைக்கு மட்டும் காரணம் சொன்னார். ரைஸ் குக்கர் வைத்தால் கரண்ட் பில் தாங்காது. ஜனவரியில் மின்கட்டணத்தை 20 வீதம் குறைத்தார்கள், ஜூனில் 15 வீதம் கூட்டினார்கள். "குறைச்சதைக் கண்டு பொடியளுக்கு ஓம் எண்டு சொன்னனான். பேந்து நான்தான் கட்டினது."

அம்மாவின் சொந்த இடம் வசாவிளான் பக்கம். 1990இல் வெளிக்கிட்டவர்கள். இந்த வீடு தங்கச்சியின் சீதன வீடு, தங்கச்சி கனடாவில். போன வருடம் நவம்பர் 1ஆம் திகதி, பொதுத் தேர்தலுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, பலாலி வீதியின் இராணுவ வலயத்துக்குள் பூட்டிக் கிடந்த துண்டை 34 வருடத்துக்குப் பிறகு திறந்தார்கள். மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போயிருக்கிறார்.

"நிப்பாட்டக் கூடாது எண்டு போர்ட் போட்டுக் கிடந்தது. படம் எடுக்கவும் ஏலாது. எங்கட கிணத்தடிப் பலாமரம் வேலிக்கு மேலால தெரிஞ்சுது. மெல்லமா விடு எண்டன். அவன் பயத்தில விட்டுட்டான்."

"பிறகு போகவில்லையா அம்மா?"

"வீதியைத் திறந்தவை. வளவைத் திறக்கேல்லையே."

அந்தத் தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். திசைகாட்டிக்கு, அதாவது வென்று ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தியின் சின்னத்துக்கு. சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார், ஏதோ தெரியாத்தனமாக ஒரு பொருளை வாங்கிவிட்டது போல.

மத்தியானம் பார்சல் வாங்கி மதகில் உட்கார்ந்து சாப்பிட்டோம். லஞ்ச் சீற்றைப் பிரித்தால் சிவப்பரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய், வல்லாரைச் சம்பல், ஒரு மோர்மிளகாய், உடையாத ஒரு அப்பளம். 350 ரூபாய். இந்த ஐந்து நாளில் சாப்பிட்டதில் இதுதான் முதலிடம். வல்லாரையை இவ்வளவு பொடியாக அரிந்து, தேங்காயே இல்லாமல், தேசிக்காய்ப் புளியில் நிறுத்தியிருந்தார்கள். பாதியில் மழை. புரட்டாதிக் கடைசி மழை இங்கே தூறிக்கொண்டு வருவதில்லை, நேரே வாளியைக் கவிழ்க்கிறது. பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினோம். அப்பளம் மட்டும் போயிற்று.

சமைக்கக் கூடாது என்றால் மூன்று நேரமும் கடை. மாடியொன்றின் கீழ் ஒதுங்கி நின்றபடி பையன் போனில் கணக்குப் போட்டான். காலை 200, மத்தியானம் 350, இரவு 250. மாதம் 24,000. மகாபொல உதவித்தொகை மாதம் 7,500. இதை இந்த வருட பட்ஜெட்டில்தான் 5,000இலிருந்து கூட்டினார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். கூட்டியும் ஒரு நாளைக்கு 250. ஒரு மத்தியானச் சாப்பாடு, அதிலும் ஒரு கறி குறைவாக.

12 ஒக்டோபர், ஞாயிறு

கொத்து கிடைத்தது.

பலாலி வீதிப் பக்கம் ஒரு கடை. வாசலில் தகட்டில் இரண்டு கையாலும் அடிக்கிறார், பார்த்துக்கொண்டே நிற்கலாம். ரொட்டி, முட்டை, வெங்காயம், கோழி, குழம்பு ஒரு கரண்டி. அடியில் ஒரு தாளம், திருப்பிப் போடும்போது ஒரு தாளம். உள்ளே உட்கார்ந்ததும் பையன் விலைப்பட்டியலை வலது பக்கத்திலிருந்து படிப்பதைக் கவனித்தேன். முதலில் விலை, அப்புறம் அது என்ன சாப்பாடு. நானும் அவன் வயதில் இப்படித்தான் படித்தேன், ஆனால் இன்னொருவன் படிப்பதைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. கோழிக் கொத்து 1,100. அவன் முட்டைக் கொத்து சொன்னான். நான் மாற்றிச் சொன்னேன்.

சுவரில் டிவி. பண்டாரவளையில் ஜனாதிபதி தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டு உரிமைப் பத்திரம் கொடுக்கிற நிகழ்வு. கடையில் யாரும் பார்க்கவில்லை, நாங்கள் இருவர் மட்டும் பார்த்தோம். எங்கள் ஆட்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்த முகம் ஏதும் வருகிறதா என்று பையன் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். சம்பளமும் கூடும் என்ற பேச்சும் வந்தது.

இந்தச் சம்பளக் கதைக்கு ஒரு வரலாறு. நாள் சம்பளம் 1,700 என்று போன அரசாங்கம் 2024 மே தினத்தில் அறிவித்தது, கம்பனிகள் நீதிமன்றம் போயின, கடைசியில் 1,350இல் நின்றது. புதிய அரசாங்கம் பெப்ரவரி பட்ஜெட்டில் திரும்பவும் 1,700 என்றது. இந்தக் கொத்தைச் சாப்பிடுகிற ஒக்டோபர் 12ஆம் திகதியிலும் அக்காவுக்கு 1,350தான், அதிலும் சேமலாப நிதி கழிய வேண்டும். அம்மாவுக்கும் அக்காவுக்கும் போன வருடம் போன் போட்டு, "இந்த முறை திசைகாட்டிக்குப் போடுங்க, இவங்க வேற ஆளுங்க" என்று சொன்னவன் நான்தான். அம்மா ஐம்பது வருடமாகப் போட்ட சின்னத்தை எனக்காக மாற்றினாள்.

(பயணக் குறிப்பை ஒழுங்காக எழுதி முடிக்கும்போது நவம்பர் பட்ஜெட் வந்துவிட்டது. ஜனவரியிலிருந்து 1,550, அதோடு அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு 200. அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "கைக்கு வரட்டும்" என்றாள்.)

கொத்தைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். உறைப்புக் கூட. நன்றாக இருந்தது. பையன் பாதியைக் கட்டித் தரச் சொன்னான், இரவுக்கு.

13 ஒக்டோபர், திங்கள்

கம்பஸுக்குள் போனோம். 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரிதான் 1974 ஒக்டோபரில் பல்கலைக்கழக வளாகமாயிற்று. கோயில் அப்படியே நிற்கிறது. முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இப்போதுதான் நேரில் பார்த்தேன். 2021 ஜனவரியில் ஒரு இரவில் இடித்து, எதிர்ப்புக்குப் பிறகு திரும்பக் கட்டியது. புதிய சீமெந்து என்று தெரிகிறது.

கன்டீனில் மேசை நிரம்பியிருந்தது. ஒரு பையன் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு "அண்ணா, இங்க இருங்க" என்றான். தமிழ் கொஞ்சம் சறுக்கியது. குருநாகல் பக்கமாம். இங்கே சிங்களப் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். 2016 ஜூலையில் விஞ்ஞான பீடத்துப் புதுமுக வரவேற்பில் இரண்டு பக்கமும் அடிபட்டுக்கொண்டது நாடு முழுக்கச் செய்தியானது. இவன் அதைக் கேள்விப்பட்டிருக்கவே இல்லை. சம்பலில் மாசிக் கருவாடு போடமாட்டார்கள் என்பதுதான் யாழ்ப்பாணத்தைப் பற்றி அவனுக்குள்ள ஒரே முறைப்பாடு. சொதி பிடிக்குமாம். 'கிரிஹொதி' என்று அவன் வீட்டில் வைப்பதும் இதுதான், ஆனால் இங்கே புளி சரியாக இருக்கிறது என்றான்.

புதிய அரசாங்கம் எப்படி என்று கேட்டேன். தோளைக் குலுக்கவில்லை, யோசித்தான். அப்பா வயல்காரர், நெல் விலைக்குக் கோபமாக இருக்கிறாராம். "ஆனா அண்ணா, ஒரு வருஷம்தானே. திருடவில்லைதானே." அது உண்மைதான். அந்த 'திருடவில்லை'யை நானும் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தன் தட்டைக் கழுவிவிட்டு என் தட்டையும் எடுக்கப் பார்த்தான். விடவில்லை.

மாலையில் பழைய கம்பஸ் பாச் நண்பனைப் பார்க்க நல்லூருக்கு ஓட்டோ பிடித்தோம். ஓட்டோக்காரர் குளப்பிட்டிச் சந்தி வழியாகச் சுற்றிப் போனார், ஏதோ வீதி வேலை. சந்தியில் வேகத்தைக் குறைத்து, "தெரியும்தானே" என்றார். தெரியும். 2016 ஒக்டோபர் 20, இரவு. மோட்டார் சைக்கிளில் போன கம்பஸ் மாணவர் இருவர், பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில். முதலில் விபத்து என்று சொன்னார்கள். நல்லாட்சி என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த, ஜனாதிபதி மைத்திரியின் அரசாங்கத்தின் காலம் அது, வடக்கு முழுக்க வரிசையில் நின்று வாக்குப் போட்டுக் கொண்டுவந்த அரசாங்கம்.

"போன வருசம் யாழ்ப்பாணத்தில ஆறில மூண்டு சீற் குடுத்தனாங்கள் அண்ணை. சரித்திரத்திலயே நடக்காத காரியம்," என்றார் ஓட்டோக்காரர். "இவங்கள் வந்து செய்த முதல் வேலை, ஆனையிறவு உப்புக்கு 'ரஜ லுணு' எண்டு பேர் வைச்சது." சிரித்தார். இந்த வருடம் மார்ச்சில் நடந்த கதை. உப்பு இங்கே விளைவது, பெயர் சிங்களத்தில் வந்தது, சத்தம் எழுந்தது. "உப்புக்குப் போய் ஏன் கோவப்படுவான் எண்டு மனுசி கேட்டவ. வேற எதுக்குக் கோவப்பட்டும் ஒண்டும் நடக்கேல்லை, உப்புக்காவது படுவம் எண்டன்." மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் அவர் பழையபடி தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கே போட்டாராம். ஊரும் பெரும்பாலும் அப்படித்தான் போட்டது.

நல்லூரில் ஐஸ்கிரீம் கடை நிரம்பி வழிந்தது. நண்பன் இப்போது பள்ளிக்கூட ஆசிரியர், வயிறு வைத்திருக்கிறது. எனக்கு வைத்திருக்கிற வயிற்றை அவன் முதலில் சொல்லிவிட்டான். ஸ்பெஷல் ஐஸ்கிரீம் என்று ஒன்று, மூன்று நிற உருண்டை, மேலே ஜெலி, வேஃபர். இருபது வருடத்துக்கு முன் ஒன்றை வாங்கி மூன்று கரண்டி போட்டுச் சாப்பிட்டதைப் பையனுக்குச் சொன்னோம். அவனுக்கு அதில் சுவாரசியம் இல்லை.

அரசியல் பேச்சு வந்தது, வராமல் இருக்காது. மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, ஏழு வருடமாகத் தேர்தல் இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்றார்கள், இன்னும் இருக்கிறது. "1979இல் தற்காலிகம் எண்டு கொண்டுவந்தவங்கள்," என்றான் நண்பன். "எங்கட கம்பஸ் தனிப் பல்கலைக்கழகமானதும் அதே 79. ரெண்டுக்கும் ஒரே வயசு. கம்பஸில கட்டடம் எழும்புது, பீடம் கூடுது, கிளிநொச்சிக்கும் போயிட்டுது. அந்தச் சட்டத்துக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை, சும்மா இருந்தாலே காணும்." கரண்டியால் உருகியதை வழித்துச் சாப்பிட்டான். "நான் இன்னும் ரெண்டு வருசம் பாப்பன். திட்டுறதுக்கு வேற ஆள் வேணுமே."

பில்லை யார் கொடுப்பது என்று கவுண்டரில் பிடிவாதம். அவன் வென்றான்.

14 ஒக்டோபர், செவ்வாய்

அறை முடிந்தது. வசாவிளான் அம்மா வீடுதான். கூடப் படிக்கிற வவுனியாப் பையன் பாதி வாடகைக்கு வருகிறான்.

இரவு பஸ் வரை நேரம் இருந்தது. ஐந்து நாளாக ஒரு வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன், அதைச் செய்யப் போனேன். இராமநாதன் வீதியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கையில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. 2006 ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 வீதியைத் திடீரென்று பூட்டினார்கள். பாணுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. வெளியூர்ப் பிள்ளைகளைக் காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் ஏற்றித் திருகோணமலைக்கு அனுப்பினார்கள். நானும் அப்படித்தான் போனேன். போகும்போது அந்தக் கடைக் கொப்பியில் என் பெயருக்கு 340 ரூபாய் நின்றது.

கடை இருந்தது. மற்ற முப்பத்தொரு கடைக்கும் பின்னால், கண்ணாடி இல்லாமல், விலைப்பட்டியல் இல்லாமல். மனிதரும் இருந்தார், காதில் நரைமயிர். என்னை அடையாளம் தெரியவில்லை.

"எந்த நேரத்துப் பொடியன்? பாதை திறந்த நேரமோ, பூட்டின நேரமோ?"

"ரெண்டும்தான் ஐயா."

340 ரூபாய்க் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு வடைச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொப்பி எல்லாம் எப்போதோ கறையான் தின்றுவிட்டதாம். நான் 2,000 எடுத்து நீட்டினேன். 340 மட்டும் போதும் என்றார். "அப்ப அது ஏழு பார்சல். இப்ப ஒண்டுக்குப் பத்து ரூபா காணாது," என்று சொல்லி, எண்ணி வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார்.

வடை சூடாக வந்தது, 60 ரூபாய். அவருக்குப் பின்னால் சுவரில் சாந்து உரிந்த இடத்தில் அடுக்கடுக்காக நிறங்கள் தெரிந்தன. மேலே வெளிறிய மஞ்சள், அதற்குள் ஒரு பச்சை, அதற்குள் இளநீலம். நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"உது சந்திரிகா," என்று நீலத்தைக் காட்டினார். "94. சமாதானம் வருது எண்டு பெயின்ற் அடிச்சனான். மற்ற வருசம் ஒக்டோபரில சனத்தோட சனமா இடம்பெயர்ந்திட்டம். பச்சை, உங்கட நேரம், 2002, ரணிலின்ர சமாதானம். மஞ்சள் 2015. மைத்திரி."

"இந்த முறை?"

"இந்த முறை அடிக்கேல்லை." வடையைத் திருப்பிப் போட்டார். "வாக்குப் போட்டனான். பெயின்ற் அடிக்கேல்லை. வாளி பதினைஞ்சாயிரம் சொல்லுறாங்கள்."

பையனுக்கு இனி இந்தக் கடையில் மத்தியானச் சாப்பாடு மாதக் கணக்கில் எடுக்கலாமா என்று கேட்டேன். மாதக் கணக்கு 300க்குத் தருவதாகச் சொன்னார், வெள்ளி மரக்கறி. பிளேன்ரீ இரண்டு குடித்தோம். சில்லறை தேடினேன், கைவசம் ஆயிரம் ரூபாய்த் தாள்தான். அவரிடமும் மாற்ற இல்லை. லாச்சியிலிருந்து ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்தார், மட்டையில் கிரிக்கெட் வீரர் படம். புதுப் பக்கம் திருப்பினார். பையனின் பெயரைக் கேட்கவில்லை, ஊரைத்தான் கேட்டார்.

"ஹட்டன் ஐயா."

நாக்கை உதட்டில் வைத்துக்கொண்டு மெதுவாக எழுதினார். 'ஹற்றன் தம்பி. பிளேன்ரீ 2. ரூபா 100.'

"ஹட்டன்னு எழுதணும் மாமா," என்று பையன் வெளியே வந்து சொன்னான். அடுத்த மாதம் நீயே திருத்திக்கொள் என்றேன்.